பூட்டிய வீட்டுக்காரர்

நேற்று பெரியவன் மைதானத்துக் கூட்டம் முடிந்து வீடு வந்து சேரும்வரை நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். உங்கள் அம்மா பார்த்தாள், பார்த்தாள், கடைசியில், "ஒரு பூட்டு வாங்கிட்டு வந்துடுங்க. நாமளும் ஆரம்பிச்சுடலாம்" என்று சொல்லிச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று நீங்கள் மூவரும் கேட்டீர்கள். எனக்குச் சொல்ல அலுப்பாக இருந்தது. சாகிற வரைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்வதைவிட ஒரு தரம் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் ஐந்தாவதுவரை படித்தவன். பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் நான் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில், எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒருவர் குடியிருந்தார். பதனிட்டு உலர்த்திய தோலை அடுக்கி, அமுக்கி, கோணி சுற்றித் தைத்துச் சீமைக்குக் கப்பலேறும் கட்டாக்குவது அவர் வேலை. அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கூப்பிட்டால் முகம் வெளுத்துப்போகும். நான் அண்ணே என்பேன். மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் பூட்டுக்காரர் என்பார்கள்.

ஒல்லியான நீள ஆள். தைத்துக்கொண்டே இருப்பார், திடீரென்று கோணி ஊசி அந்தரத்தில் நின்றுவிடும். தலையைச் சாய்த்துக் கேட்பார்.

"தம்பி, அது இன்னா சத்தம்?"

"ரயிலுண்ணே."

"ரயிலு எனக்குத் தெரியாதா? அதுக்குப் பின்னால கேக்குதே, அது?"

ரயிலுக்குப் பின்னால் எனக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் அது கதர், மறியல், ஊர்வலம் என்று நாடே இரைந்துகொண்டிருந்த காலம். சட்டத்தை மீறியவர்களைக் கூட்டம் கூட்டமாக வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். கள்ளுக்கடை வாசலில் பையன்கள் படுத்துக்கொண்டார்கள். போலீஸ்காரன் தடியை எடுத்தால், மறியல் செய்தவன் யார், மாங்காய் வாங்க வந்தவன் யார் என்று பார்ப்பதில்லை. ஆகையால் அவருக்குக் கேட்பது பொய் என்று யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

சத்தம் என்று மனதில் பட்டுவிட்டால் ஊசியைக் கட்டிலேயே குத்திவிட்டு வீட்டுக்கு ஓடுவார். மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, வெளிப்புறம் பெரிய பித்தளைப் பூட்டைத் தொங்கவிடுவார். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்போல வந்து மறுபடி தைக்க உட்காருவார். பார்க்கிறவனுக்கு அது ஆளில்லாத வீடு. ஆளில்லாத வீட்டுக்குள் எவனும் வர மாட்டான். இதுதான் அவர் கணக்கு. யாராவது கேட்டால், "எல்லாம் அணைக்கட்டு ஊருக்குப் போயிருக்காங்க, அவங்க அம்மா வீட்டுக்கு" என்பார்.

உள்ளே இருப்பவர்களுக்குச் சட்டம் உண்டு. அடுப்பு மூட்டக் கூடாது, புகை காட்டிக்கொடுக்கும். பொரியும் வேர்க்கடலையும் தின்றுகொள்ள வேண்டும். உள் தாழ்ப்பாளையும் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டால்தான் அதை நீக்கலாம். மற்றபடி யார் தட்டினாலும், யார் பெயரைச் சொல்லி யார் அழைத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. "நானே வந்து நான்தான்னு கத்தினாலும் குரல் குடுக்கக் கூடாது, புரிஞ்சுதா?" என்று அவர் சொல்வதும், "புரிஞ்சுதுப்பா" என்று பிள்ளைகள் பாட்டுப்போலப் பதில் சொல்வதும் எங்கள் சுவர் வழியாகக் கேட்கும்.

தெருவுக்கு இது ரகசியமே இல்லை. மண்பானைக்காரர் வேண்டுமென்றே அந்த வீட்டு முன்னால் நின்று, "அணைக்கட்டுக்குப் போனவங்க தும்முறது இங்க கேக்குது பாரு. நல்ல பலமான தும்மல்டா" என்பார். ஷாப்பில் முதலாளி சாயபு, "இன்னாய்யா, ஆளுங்களைப் பூட்டிட்டு வந்தியா? நம்ம தோலையும் அப்படியே ஜாக்கிரதையா பூட்டு" என்பார். இவருக்குக் கோபம் வராது. "நீங்க சிரிங்க பாய். சிரிக்கிறவன் வீட்டுக் கதவுதான் தெறந்து கெடக்கும்" என்பார்.

ஒரு தரம் வாணியம்பாடிப் பக்கமிருந்து தமுக்குச் சத்தம் வந்தது. ஓடிப்போய்ப் பூட்டிவிட்டார். வந்தது பயாஸ்கோப்பு வண்டி. சக்கரவர்த்தி ஊர்வலம், யானை வேட்டை, கடலில் போகிற கப்பல், எல்லாவற்றையும் காலணாவுக்குக் கண்ணாடி வழியாகக் காட்டிக்கொண்டு அந்த வண்டி சரியாக அவர் வீட்டு வாசலிலேயே மாலைவரை நின்றது. தெருப் பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். அவர் பிள்ளைகள் மூன்றும் கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தன. அவர் வந்து விசாரித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தமுக்குல வித்தியாசம் தெரியலப்பா. ஊர்வலத்துக்கும் பயாஸ்கோப்புக்கும் ஒரே மாதிரிதான் அடிக்கிறான்."

"சுயராஜ்யம் வாணாமாண்ணே உங்களுக்கு?" என்று நான் ஒரு நாள் வம்புக்குக் கேட்டேன்.

"யாரு வாணான்னது? தாராளமா வரட்டும். வர்ற வழியில என் தெருவை மட்டும் உட்டுட்டுச் சுத்திக்கினு வரட்டும்."

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே ஆசைதான் இருந்தது. ஒரு கூலிக்காரனுக்கு வீட்டில் இருக்கிற நாலு பேரைத் தவிர வேறு என்ன சொத்து? அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கம். அவருக்கு அந்த வெட்கமும் இல்லை.

பெயர் சங்கதியை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். தோல் பதனிட வாங்கிப் போடும் ஆவாரம்பட்டைக் கிடங்கின் நிழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஊரில் பிளேக் வந்ததாம். வீடு வீடாகச் சோதனை போட்டு, காய்ச்சல்காரர்களை ஊருக்கு வெளியே போட்ட கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். அவர் அம்மாவுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று அப்பா கதவைச் சாத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

"எவனோ ஒருத்தன் வெளிய நின்னு எங்கப்பா பேரைச் சொன்னான். அவரு சொல்லித்தான் வந்திருக்கோம், தொறங்கன்னான். அப்பா பேரைக் கேட்டதும் நான்தான் தாப்பாளை எடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? கூட்டிக்கினு போய்ட்டாங்க. வரல."

கஞ்சியைக் குடித்து முடித்து, கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தைக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் பூட்டைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் கேலிக்கு நான் சிரித்தது இல்லை.

இனி அந்த நாள். சின்னவன் பிறக்க வேண்டிய சமயம். உங்கள் அம்மா ஒடுகத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். விவரம் தெரியாத வயசில் இருந்த பெரியவனையும் சின்னவளையும் நான் என்னிடமே வைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகும்போது பூட்டுக்காரர் மனைவியிடம் விட்டுப் போவேன். நான் அவர்களை அண்ணி என்பேன். அதிகம் பேசாத, நிதானமான மனுஷி.

கோடைக்காலம். சந்தைக்குப் பக்கத்துக் கள்ளுக்கடையில் மறியல் என்று காலையிலேயே பேச்சு. மத்தியானத்துக்கு முன்பே அவருக்கு ஊசி நின்றுவிட்டது. எழுந்தவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, உன் புள்ளைங்களும் எங்க வீட்லதான் இருக்குது. சேர்த்துப் பூட்டிடட்டுமா?"

மற்ற நாளாக இருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அன்று ரஸ்தாவில் போலீஸ் லாரி போவதை நானும் பார்த்திருந்தேன். "பூட்டிடுங்கண்ணே" என்றேன். சொன்னதும் மனசு கொஞ்சம் லேசாயிற்று. அந்த மனிதர் எதை அனுபவிக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பூட்டிய பிறகு அவர் நேராக வேலைக்குத் திரும்பவில்லை. உள்ளே இருந்த பொரி என் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போதாது என்று, ரொட்டி வாங்கி வரச் சந்தைப் பக்கம் போயிருக்கிறார். வாங்கிக்கொண்டு திரும்பும்போது தடியடி. கூட்டம் ஓடியது, இவரும் ஓடினார். மறியல் செய்தவர்கள் ஓடாமல் உட்கார்ந்திருந்தார்களாம். ஓடினவர்களில் கைக்கு அகப்பட்டவர்களையும் சேர்த்து லாரியில் ஏற்றி வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பட்டை இடிக்கும் ஆள் ஒருவன் ஓடிவந்து இதைச் சொன்னான். "நான் லாரி கிட்டயே போய்ட்டேம்பா. வீட்டுக்கு எதனா சொல்லணுமாண்ணேன்னு கேட்டேன். வீட்ல யாரும் இல்ல, அணைக்கட்டுக்குப் போயிருக்காங்கன்னாரு."

சாவி அவர் இடுப்பில். அவர் வேலூர் போகிற லாரியில். அந்த நிலைமையிலும் பூட்டைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குள் அவர் பிள்ளைகள் மூன்று, என் பிள்ளைகள் இரண்டு. ஓட்டு வீடு, வெயில், தண்ணீர் ஒரு குடம் இருந்தால் அதிகம்.

ஓடினேன். தெரு வெறிச்சென்று இருந்தது. கதவைத் தட்டினேன்.

"அண்ணி! நான்தான் அண்ணி, பக்கத்து வீடு! அண்ணனைப் புடிச்சிட்டாங்க, தொறங்க!"

சத்தம் இல்லை. பெரியவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சின்னவளைக் கூப்பிட்டேன். அவளுக்கு அப்போது பேச்சே சரியாக வராது. அவள்கூடவா வாயை மூடிக்கொண்டிருப்பாள்? கதவில் காதை வைத்தேன். ஒரு முனகல், ஒரு தும்மல், எதுவும் இல்லை. இத்தனை வருஷம் அவர் சொல்லிக்கொடுத்த பாடம் என்று ஒரு பக்கம் தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றியது. அதை நான் எழுதவில்லை.

ஷாப்புக்கு ஓடி ஒரு கடப்பாரையை எடுத்து வந்து பூட்டை நெம்பி உடைத்தேன். கதவு திறக்கவில்லை. உள் தாழ்ப்பாள். தோளால் இடித்தேன். "அண்ணி, உங்க காலைப் புடிக்கிறேன், தொறங்க" என்று கத்தினேன். அழுதுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"இன்னா தம்பி, எதுக்குக் கதவை ஒடைக்கிறீங்க?"

குரல் எனக்குப் பின்னால், தெருவிலிருந்து வந்தது. திரும்பினேன். அண்ணி நின்றுகொண்டிருந்தாள். தலையில் தண்ணீர்க் குடம். இடுப்பில் சின்னவள், வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டு. பின்னால் பெரியவனும் அண்ணியின் பிள்ளைகளும், கால் முட்டிவரை ஆற்று மணல் ஒட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு.

கடப்பாரையைப் போட்டுவிட்டு அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "பின்பக்கத்து ஜன்னல்ல ரெண்டு கம்பி கழண்டு வரும் தம்பி. மொத தடவை அவரு பூட்னப்போ உள்ளயே கெடந்தோம். சாயங்காலத்துக்குள்ள தண்ணி தீந்துபோச்சி, சின்னது மயங்கிட்டுது. மறுநாளே நான் கம்பியக் கழட்டிட்டேன். அன்னியிலேர்ந்து அவரு பூட்டிட்டுப் போனா, நாங்க ஆத்துக்குப் போய்டுவோம். ஊத்துல குளிப்போம், வெள்ளரித் தோட்டத்துல உக்காருவோம். அவரு வர்ற நேரத்துக்கு உள்ள வந்துடுவோம்."

"இத்தினி வருஷமாவா? அண்ணனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அந்த மனுசன் அப்பறம் எங்க போய் வேலை செய்யும்? எங்களைப் பூட்னாத்தான் அதுக்குக் கை ஓடுது." உடைந்து கிடந்த பூட்டை அப்போதுதான் பார்த்தாள். "இன்னா ஆச்சி? அவரு எங்க?"

சொன்னேன். லாரியில் அவர் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அதுவரை நிதானமாக இருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நாங்க உள்ள சாகறோம்னு அங்க துடிச்சிக்கினு இருக்குமே. தம்பி, நீங்க உடனே போங்க. எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொல்லுங்க. ஆனா," என்று நிறுத்தினாள். அந்த ஆனாவுக்கு மேலே அவள் சொல்லவில்லை. எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

சாயங்கால ரயிலைப் பிடித்து வேலூர் போனேன். பிடித்து வந்தவர்களை ஒரு கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்கள். காவலில் இருந்த ஜவான் நல்ல மனுஷன். "சீக்கிரம் பேசிட்டுப் போ" என்று விட்டான். அண்ணன் வேலியோரம் வந்தார். நெற்றியில் அடி, ரத்தம் காய்ந்திருந்தது. ரொட்டிப் பொட்டலம் இன்னும் மடியில் இருந்தது. வேலிக்கு மேலே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். பூட்டைப் பற்றிக் கேட்பார், சாவியை எடுத்துக் கொடுப்பார் என்று நினைத்தேன்.

"சத்தம் போட்டாங்களா?" என்றார்.

"இல்லண்ணே."

"நீ போய்க் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன். என் புள்ளைங்க பேரைச் சொல்லியும் கூப்பிட்டேன். யாரும் குரல் குடுக்கல."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்படி ஒன்றை அதற்கு முன்பு நான் அவரிடம் பார்த்ததில்லை. "குடுக்க மாட்டாங்க" என்றார். "எனக்குத் தெரியும். குடுக்கவே மாட்டாங்க."

"பூட்டை ஒடைக்க வேண்டியதாய்ப் போச்சிண்ணே. எல்லாரும் நல்லா இருக்காங்க. என் புள்ளைங்களும் நல்லா இருக்குது."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ரொட்டியை என்னிடம் கொடுத்தார். ரயிலில் வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒருவன் வீட்டைக் காப்பாற்றுவதும், அந்த வீடு அவனைக் காப்பாற்றுவதும் ஒரே நாளில் நான் பார்த்திருந்தேன். எனக்கு அது தாங்கவில்லை.

அதன் பிறகு பல வருஷம் அவர் நன்றாகவே இருந்தார். பெண்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தார். பையன் ஏலகிரி அடிவாரத்தில் நிலம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். கடைசியில் வீட்டில் அண்ணி ஒருத்திதான். அப்போதும் எங்காவது கோஷம் கேட்டால் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அண்ணிக்கு முட்டி வலி, ஜன்னல் ஏறிக் குதிக்கிற வயசெல்லாம் போய்விட்டது. உள்ளேயே படுத்துத் தூங்கிவிடுவாள். அவர் செத்தபோது அண்ணி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பயந்துக்கினே இருந்துச்சி. ஆனா ஒரு நாளும் எங்களை உட்டுட்டு ஓடல."

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது முடியாது. அவர் வேலூரிலிருந்து விடுதலையாகி வந்த சாயங்காலம்.

கேஸ் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ரயிலடியிலேயே அவரைப் பார்த்துவிட்ட ஒருவன் முன்னால் ஓடிவந்து, "அண்ணன் வர்றாரு, வர்றாரு" என்று தெருவில் கத்தினான். அண்ணி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை அப்படியே எடுத்தாள், பிள்ளைகளைக் கூப்பிட்டாள், உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. புகைந்துகொண்டிருந்த அடுப்பில் தண்ணீர் தெளிக்கிற சத்தமும் கேட்டது. தெருவில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்பானைக்காரர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

அவர் நடந்து வந்தார். தலையில் துணி கட்டியிருந்தது. கதவில் பூட்டு இல்லை. தன் கையால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். திறக்கவில்லை.

"நான்தான்" என்றார்.

உள்ளே சத்தம் இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு, எங்களில் யாரும் அவர் வாயால் கேட்டிராத தன் பெயரையே சொன்னார். "நான் வந்துட்டேன். தெற."

சத்தம் இல்லை. சாவி திரும்பும் சத்தம் வேண்டும். அதற்குப் பூட்டு இல்லை. அதை அவர் நினைத்துப் பார்த்த மாதிரி இருந்தது. கோபப்படவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பின்னால் நின்ற எங்களுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாளுக்குக் கீழே, மரத்தில் வாயை வைத்துச் சொல்வதுபோல, அவருடைய கடைசிப் பெண்ணின் குரல் மட்டும் மெதுவாக வந்தது.

"அப்பா, நாங்க யாருமே பேசலப்பா."